இரண்டு படங்களுக்கு நடுவிலுள்ள வருடங்கள்

"பிரெஞ்சு சினிமா, இத்தாலிய சினிமா, ஈரானிய சினிமா என்றெல்லாம் பேசுகிறோம். பிரிட்டிஷ் சினிமா பற்றி ஏன் அப்படிப் பேசுவதில்லை? நோலன், ஜேம்ஸ் பாண்ட், ஹாரி பாட்டர் தவிர அங்கே யார் இருக்கிறார்கள்? இப்போது அதன் நிலை என்ன?" இதுதான் கேள்வி. கேட்டவர் இயக்குநர்களின் பட்டியல் ஒன்றை எதிர்பார்த்திருக்கலாம். ஆனால் இதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது. ஹாலிவுட் பேசும் அதே மொழியைப் பேசும் ஒரு நாடு, தனக்கென்று ஒரு சினிமாவை வைத்துக்கொள்ள முடியுமா? அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே போனால் பெயர்களும் வந்துவிடும்.

என்னைப் பற்றி ஒரு வரி. நான் படத்தொகுப்பு படித்தவன். இருபது வருடங்களுக்கு மேல் எடிட்டிங் அறையில் கழித்துவிட்டு, இப்போது மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறேன். லண்டனில் வேலை பார்த்ததில்லை. அதனால் படங்களைப் பற்றி நான் சொல்வதைத் திரும்பத் திரும்பப் பார்த்தவனின் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள். பணம், சட்டம் பற்றிச் சொல்வது வெளியான கணக்குகளையும் அறிக்கைகளையும் படித்துத் தெரிந்துகொண்டது. என் ஊகம் வரும் இடங்களில் ஊகம் என்றே சொல்லிவிடுகிறேன்.

பிரிட்டிஷ் சினிமாவை யாரும் மதிப்பதில்லை என்பது பழைய கதை. 1960களில், பிரிட்டனில் பிறந்த இயக்குநர் ஹிட்ச்காக்கை நீண்ட பேட்டி எடுத்த பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோ, 'சினிமா', 'பிரிட்டன்' என்ற இரண்டு சொற்களும் ஒன்றோடொன்று ஒட்டாதவையோ என்று அவரிடமே கேட்டார். சத்யஜித் ராயும் கேமராவை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளும் மனவார்ப்பு பிரிட்டிஷ்காரர்களுக்கு இல்லை என்ற பொருளில் எழுதினார். இரண்டு பேர் மீதும் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. இந்த விஷயத்தில் மட்டும் அவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. மனவார்ப்பில் குறை என்றால் மைக்கேல் பவல் மாதிரி ஒரு பிரிட்டிஷ் இயக்குநர் எங்கிருந்து வந்தார்? டேவிட் லீன், கென் லோச், டெரன்ஸ் டேவிஸ் எல்லாம் எப்படி வந்தார்கள்? குறை காசில் இருந்தது. அந்தக் காசுக்குப் பின்னால் மொழி இருந்தது.

பிரான்சில் ஒரு அமெரிக்கப் படம் வந்தால் டப்பிங் செய்யவேண்டும், இல்லையென்றால் சப்டைட்டில் போடவேண்டும். மொழி அங்கே ஒரு வேலி மாதிரி. பிரிட்டனில் அந்த வேலி கிடையாது. நியூயார்க்கில் ஓடும் படம் மறுநாளே மான்செஸ்டரில் ஓடலாம், ஒரு சொல்லைக்கூட மாற்றவேண்டியதில்லை. மௌனப்படக் காலத்திலேயே, 1920களின் நடுவில், பிரிட்டிஷ் திரையரங்குகளில் ஓடியவற்றில் உள்நாட்டுப் படங்கள் நூற்றுக்கு ஐந்து என்ற அளவில்தான் இருந்தன. பயந்துபோன அரசாங்கம் 1927இல் ஒரு சட்டம் போட்டது. திரையரங்குகள் இத்தனை சதவீதம் உள்நாட்டுப் படம் காட்டியே தீரவேண்டும் என்றது. அமெரிக்கக் கம்பெனிகள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தன. கணக்குக் காட்டுவதற்காக மலிவாக, அவசர அவசரமாகப் படங்களை எடுத்துத் தள்ளின. 'கோட்டா குவிக்கி' என்று பெயர். பெரும்பாலும் குப்பைதான். ஆனால் மைக்கேல் பவல் தொழில் கற்றுக்கொண்டது அந்தக் குப்பையில்தான். ஹிட்ச்காக் அதைவிட நல்ல இடத்தில் வேலை பார்த்தார், 'தி தர்ட்டி நைன் ஸ்டெப்ஸ்', 'தி லேடி வானிஷஸ்' எல்லாம் எடுத்தார், 1939இல் ஹாலிவுட்டுக்குப் போய்விட்டார். திறமையை வளர்த்துவிடுவது, வளர்ந்தபின் அமெரிக்காவுக்குக் கொடுப்பது என்ற வழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது. ரிட்லி ஸ்காட், நோலன் எல்லாம் அதே பாதையில் பின்னால் போனவர்கள். நோலனின் முதல் படமான 'ஃபாலோயிங்' சில ஆயிரம் பவுண்டில், நண்பர்களை வைத்து, வார இறுதிகளில் லண்டனில் எடுத்தது. அடுத்த படமே அமெரிக்காவில்.

போர்க்காலமும் அதையடுத்து வந்த சில வருடங்களும் விதிவிலக்கு. 1946இல் பிரிட்டனில் 163 கோடிக்கும் மேலான சினிமா டிக்கெட்டுகள் விற்றன. அந்த நாட்டு மக்கள்தொகையை நினைத்துப் பாருங்கள், அப்போதுதான் இந்த எண் எவ்வளவு பெரிது என்பது புரியும். உள்நாட்டுப் படமே போட்ட காசை எடுத்துவிடலாம் என்ற நிலை. அந்தப் பத்து வருடத்துக்குள் வந்ததைப் பாருங்கள்: லீனின் 'பிரீஃப் என்கவுண்டர்', 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்', கரோல் ரீடின் 'தி தர்ட் மேன்', ஈலிங் ஸ்டுடியோவின் நகைச்சுவைப் படங்கள், அப்புறம் பவலும் எமெரிக் பிரஸ்பர்கரும் சேர்ந்து எடுத்த படங்கள். பிரஸ்பர்கர் ஹங்கேரிக்காரர். நாஜிகளிடமிருந்து தப்பி வந்தவர். 'எழுத்து, தயாரிப்பு, இயக்கம்: மைக்கேல் பவல், எமெரிக் பிரஸ்பர்கர்' என்று இரண்டு பெயரையும் சமமாகப் போட்டுக்கொண்டார்கள். அவர்களுடைய 'பிளாக் நார்சிசஸ்' இமயமலையில் ஒரு கன்னிமாடத்தில் நடக்கிற கதை. ஒரு அடிகூட இந்தியாவில் எடுக்கவில்லை. மலைகள் எல்லாம் பைன்வுட் ஸ்டுடியோவில் ஓவியமாக வரைந்தவை. ஒளிப்பதிவாளர் ஜாக் கார்டிஃபுக்கு அதற்காக ஆஸ்கர் கிடைத்தது. அசல் மலையை எடுத்திருந்தால் அந்தப் பயம் வந்திருக்காது என்று நினைக்கிறேன். அந்த மலையின் நிறத்தில் ஏதோ ஒரு காய்ச்சல் இருக்கிறது.

லீனைப் பற்றி நான் கொஞ்சம் நின்றுதான் பேசவேண்டும், ஏனென்றால் அவர் எங்கள் ஆள். இயக்குநராவதற்கு முன் பிரிட்டனில் பெயர்பெற்ற எடிட்டராக இருந்தவர். 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வில் பீட்டர் ஓ'டூல் எரியும் தீக்குச்சியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பார்ப்பார். ஊதி அணைப்பார். அடுத்த ஷாட்டில் பாலைவனம், சூரியன் இன்னும் எழவில்லை, அடிவானம் மட்டும் சிவந்து கிடக்கிறது. திரைக்கதையில் அந்த இடத்தில் டிசால்வ்தான் எழுதியிருந்தது. ஒரு ஷாட் கரைந்து அடுத்தது வரவேண்டும். எடிட்டர் ஆன் கோட்ஸ் தற்காலிகமாக நேராக ஒட்டிவைத்திருந்த பிலிமைப் போட்டுப் பார்த்தபோது, டிசால்வ் வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்று முடிவானது. இதைக் கச்சிதமாக்கிக் கொண்டு வா என்று லீன் சொன்னதாகவும், தான் இரண்டு ஃபிரேம் மட்டும் எடுத்ததாகவும் கோட்ஸ் பின்னாளில் சொன்னார். இரண்டு ஃபிரேம் என்றால் வினாடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. நான் வகுப்பில் இந்த இடத்தை ஓடவிட்டு மாணவர்களைக் கண்ணை மூடச் சொல்வேன். முதலில் சத்தத்தை மட்டும் கேட்கவேண்டும். ஊதும் சத்தம் எங்கே முடிகிறது, மௌனம் எங்கே தொடங்குகிறது என்று கேட்டபின்தான் கண்ணைத் திறக்கச் சொல்வேன். கேமராவைக் கையாளத் தெரியாத நாடு என்ற பேச்சுக்கு என்னிடம் உள்ள பதில் அந்த ஒரு கட்.

ஆனால் அந்தப் படத்தின் பணம் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1950 முதல் 'ஈடி வரி' என்று ஒன்று இருந்தது. டிக்கெட் விலையில் சிறு பங்கை ஒதுக்கி, அதில் ஒரு பாதியைப் பிரிட்டிஷ் படம் எடுப்பவர்களுக்குக் கொடுப்பார்கள். பிரிட்டிஷ் படம் என்றால் என்ன? பிரிட்டிஷ் கம்பெனி, பெரும்பாலும் பிரிட்டிஷ் தொழிலாளிகள், பிரிட்டனில் வேலை. லாபம் எந்த ஊருக்குப் போகிறது என்று யாரும் கேட்கவில்லை. அமெரிக்கக் கம்பெனிகள் லண்டனில் கடை விரித்தன. 1962இல் தொடங்கிய பாண்ட் படங்களின் தயாரிப்பாளர்களில் ஒருவர் அமெரிக்கர், மற்றவர் கனடாக்காரர், பணம் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் கம்பெனியுடையது. 1960களின் கடைசியில் பிரிட்டிஷ் படத் தயாரிப்புப் பணத்தில் மிகப் பெரும்பகுதி அமெரிக்கப் பணம். அவர்களுக்கு நஷ்டம் வந்ததும் திரும்பிப் போய்விட்டார்கள். 1970களில் பைன்வுட்டிலும் ஷெப்பர்டனிலும் ஆளில்லை. 1984இல் டிக்கெட் விற்பனை வெறும் 5.4 கோடி. மறுவருடம் ஈடி வரியையும் எடுத்துவிட்டார்கள். 1946இன் 163 கோடியையும் இந்த 5.4 கோடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்தச் சினிமா செத்துப்போயிருக்கவேண்டும் என்றுதான் தோன்றும்.

சாகவில்லை. வீட்டுத் தொலைக்காட்சிக்குள் போய்ப் பிழைத்துக்கொண்டது. பிரிட்டிஷ் சினிமாவைப் புரிந்துகொள்ள இதைவிட முக்கியமான விஷயம் வேறு இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். பிரான்சில் சினிமா ஒரு கலை என்று சொல்லி அரசு காப்பாற்றியது. பிரிட்டனில் அந்தக் காப்பாற்றும் வேலையைச் செய்தது பெரும்பாலும் பி.பி.சி.யும், 1982இல் தொடங்கிய சேனல் ஃபோரும். மைக் லீ தன் முதல் படத்தை 1971இல் எடுத்தார். திரையரங்குக்கென்று அடுத்த படம் எடுக்க 1988 ஆனது. நடுவில் பதினேழு வருடம். அந்தப் பதினேழு வருடமும் அவர் சும்மா இருக்கவில்லை, தொலைக்காட்சிக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஸ்டீபன் ஃப்ரியர்ஸின் 'மை பியூட்டிஃபுல் லாண்டரெட்' 16 எம்.எம்.இல் சேனல் ஃபோருக்காக எடுத்த சின்னப் படம். எடின்பரோ விழாவில் அதற்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்துத்தான் திரையரங்குக்கு அனுப்பினார்கள். ஒரு பாகிஸ்தானிய வம்சத்துப் பையனும் தெருவில் திரியும் வெள்ளைக்காரப் பையனும் சலவைக்கடை நடத்துகிற காதல் கதை அது. மார்கரெட் தாட்சர் பிரதமராக இருந்த காலத்து லண்டனை அதைவிட நன்றாகக் காட்டிய படம் ஒன்றை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நம் ஊரில் எல்லோரும் பார்த்த 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்திலும் சேனல் ஃபோரின் பணம் இருக்கிறது. ஏ.ஆர். ரகுமானின் இரண்டு ஆஸ்கர்களுக்குப் பின்னால் அந்தச் சேனலும் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

கென் லோச்சும் தொலைக்காட்சி ஆள்தான். 1966இல் பி.பி.சி.க்காக எடுத்த 'கேத்தி கம் ஹோம்' வீடில்லாத ஒரு குடும்பத்தைப் பற்றியது, நாடு முழுக்க அதைப் பற்றிப் பேச வைத்தது. 1969இல் 'கெஸ்'. பார்ன்ஸ்லி என்ற சுரங்க ஊரில் ஒரு பையன் ஒரு வல்லூறுக் குஞ்சை எடுத்து வளர்க்கிறான். அந்தப் பையனாக நடித்தவன் அதே ஊர்ப் பள்ளி மாணவன். தலைமையாசிரியர் பிரம்பால் அடிக்கும் காட்சியில் வலி உண்மை, பையன்கள் நிஜமாகவே அடி வாங்கினார்கள். இன்றைக்கு அதைச் சரியென்று சொல்லமாட்டேன். லோச் கதையை வரிசைப்படி படமாக்குவார், ஒன்றாம் காட்சி முதல் நாள், கடைசிக் காட்சி கடைசி நாள். நடிகர்களுக்கு மொத்தத் திரைக்கதையையும் கொடுக்கமாட்டார். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாதவர்களாகத்தான் அவர்கள் கேமரா முன் நிற்பார்கள்.

அதன் பலனை 'ஐ, டேனியல் பிளேக்' படத்தில் ஒரு காட்சியில் பார்க்கலாம். நியூகாசிலில் இலவசமாக உணவுப்பொருள் கொடுக்கும் இடம். இரண்டு குழந்தைகளின் தாய், தான் பட்டினி கிடந்து அவர்களுக்குக் கொடுத்து வந்தவள், அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாகப் பையில் போட்டுக்கொண்டே போகிறாள். திடீரென்று திரும்பி நின்று ஒரு டப்பாவைத் திறந்து கையாலேயே அள்ளி வாயில் போட்டுக்கொள்கிறாள். என்ன செய்கிறோம் என்று அவளுக்கே உறைத்ததும் வெட்கத்தில் உடைந்து அழுகிறாள். கேமரா அவள் முகத்துக்குக் கிட்டப் போகவே இல்லை. அறையின் மறுபக்கத்தில் நிற்கிற ஒருவர் பார்க்கிற தூரத்திலேயே நிற்கிறது. க்ளோஸ்-அப் போட்டிருந்தால் அது நடிப்பாகியிருக்கும். எடிட்டராக எனக்கு ஒரு ஆசை உண்டு, அந்த இடத்தில் கட் செய்யவேண்டும் போலத் தோன்றும். செய்யாமல் விட்டது எவ்வளவு பெரிய கட்டுப்பாடு என்று ஒவ்வொரு முறையும் வியக்கிறேன். 2016இல் கான் விழாவின் உயர்ந்த விருதான தங்கப் பனை அதற்குக் கிடைத்தது. 2006இலும் அவர் அதை வாங்கியிருந்தார். கடைசிப் படமான 'தி ஓல்டு ஓக்' வெளிவந்தபோது அவருக்கு வயது 87.

மைக் லீயின் வழி வேறு. திரைக்கதை இல்லாமல் தொடங்குவார். ஒவ்வொரு நடிகரோடும் தனித்தனியாக மாதக்கணக்கில் உட்கார்ந்து அந்த மனிதரை உருவாக்குவார். ஒருவருக்கு மற்றவர் பாத்திரத்தைப் பற்றி, கதைப்படி தெரிந்திருக்கவேண்டியது மட்டுமே தெரியும். 'வேரா டிரேக்' 1950இல் லண்டனில் ரகசியமாகக் கருக்கலைப்பு செய்துவந்த ஒரு ஏழைப் பெண்ணின் கதை. ஒத்திகையில், வீட்டில் குடும்பம் கூடி மகிழ்ச்சியாக இருக்கும்போது கதவு தட்டப்பட்டது. போலீஸாக நடிப்பவர்கள் உள்ளே வந்தார்கள். அம்மா என்ன செய்துவந்தாள் என்பது குடும்பத்தினராக நடித்தவர்களுக்கு அதுவரை தெரியாது. அந்தத் திகைப்பிலிருந்துதான் படத்தின் காட்சி பிறந்தது. இமெல்டா ஸ்டான்டனின் முகம் மெல்ல மெல்ல நொறுங்குவதை அந்தக் காட்சியில் பாருங்கள். 1996இல் தங்கப் பனை வாங்கிய 'சீக்ரெட்ஸ் அண்ட் லைஸ்' படமும் இதே முறையில் உருவானதுதான்.

இந்த இரண்டு பேரையும் வைத்துப் பலர் பிரிட்டிஷ் சினிமா என்றால் ஏழைகளைப் பற்றிய யதார்த்தப் படம் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அது பாதிதான் உண்மை. அந்த மரபு உண்மையிலேயே பலமானது. 1930களில் ஜான் கிரியர்சன் திரட்டிய ஆவணப்பட இளைஞர்கள், 1950களின் கடைசியில் லிண்ட்சே ஆண்டர்சன், கரேல் ரைஸ், டோனி ரிச்சர்ட்சன் என்று அது நீள்கிறது. கிரியர்சன் குழுவைச் சேர்ந்த பேசில் ரைட் 1934இல் எடுத்த 'சாங் ஆஃப் சிலோன்' நமக்குப் பக்கத்து விஷயம். இலங்கைத் தேயிலைக்கு விளம்பரம் தேடும் வாரியம் காசு கொடுத்தது, கொழும்பைச் சேர்ந்த லயனல் வெண்ட்டின் குரல் வர்ணனையாக வருகிறது. விளம்பரமாகத் தொடங்கி, கவிதையாக முடிந்த படம். ஆனால் யதார்த்தத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு மரபும் அங்கே உண்டு. பவலிடமிருந்து தொடங்கி நிக்கலஸ் ரோக், டெரக் ஜார்மன், பீட்டர் கிரீனவே என்று ஓடுகிறது. ஜார்மன் எய்ட்ஸ் நோயால் பார்வை இழந்துகொண்டிருந்தபோது எடுத்த 'புளூ' முழுவதும் திரையில் நீல நிறம் மட்டும்தான், 79 நிமிடம். குரல்களும் இசையும் ஓசைகளும் அந்த நீலத்தின் மீது ஓடுகின்றன. மறுவருடம் அவர் இறந்துபோனார்.

இரண்டு மரபும் ஒரே ஆளிடம் சேர்ந்தது டெரன்ஸ் டேவிஸிடம் என்பது என் கருத்து. லிவர்பூலில் ஒரு தொழிலாளிக் குடும்பத்தில் பத்துக் குழந்தைகளில் கடைசி. 1988இல் வந்த 'டிஸ்டன்ட் வாய்சஸ், ஸ்டில் லைவ்ஸ்' தொடக்கத்தைச் சொல்கிறேன். மழை. வரிசை வீடுகளில் ஒன்று. வானொலியில் கடல் வானிலை அறிக்கை. தாய் வாசலில் இருக்கும் பால் புட்டிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறாள். மாடிப்படிக்குக் கீழே நின்று, மணி ஏழாகிவிட்டது, எழுந்திருங்கள் என்று பிள்ளைகளை மேல்நோக்கி அழைக்கிறாள். கேமரா அந்தப் படிகளையே பார்த்துக்கொண்டிருக்கிறது. காலடிச் சத்தம் கேட்கிறது. பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கி வரும் சத்தம், அம்மாவோடு பேசும் குரல். படியில் மட்டும் யாரும் இல்லை. நினைவு என்பது இப்படித்தான் வேலை செய்கிறது. குரல் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். என் பாட்டி இறந்து பல வருடம் கழித்து அந்த வீட்டுக்குப் போனபோது சமையலறைப் பக்கமிருந்து எனக்குக் கேட்டதும் அதுதான். தனது அடித்து நொறுக்கும் அப்பாவையும் பாட்டுப் பாடியே உயிர்பிழைத்த அம்மாவையும் டேவிஸ் அந்தப் படத்தில் வைத்திருக்கிறார். பணம் கொடுத்தது பிரிட்டிஷ் திரைப்படக் கழகமும் சேனல் ஃபோரும்.

அந்த டேவிஸுக்கு 2000க்கும் 2011க்கும் நடுவில் ஒரு கதைப்படம்கூட எடுக்க முடியவில்லை, ஒரு ஆவணப்படம் மட்டும்தான். 2023இல் இறந்துவிட்டார். இப்போது உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன், நிலை என்ன என்பதற்கு. ஒரு நாட்டுச் சினிமாவின் உடல்நிலையைப் பார்க்க நான் வைத்திருக்கும் வழி, அதன் நல்ல இயக்குநர்களின் இரண்டு படங்களுக்கு நடுவிலுள்ள வருடங்களை எண்ணுவது. லின் ராம்சே கிளாஸ்கோக்காரர், இன்று உயிரோடிருக்கும் இயக்குநர்களில் ஷாட்டுக்கும் ஒலிக்கும் உள்ள உறவை மிக நன்றாக அறிந்தவர்களில் ஒருவர். அவர் படங்கள் வந்த வருடங்கள்: 1999, 2002, 2011, 2017, 2025. இருபத்தாறு வருடத்தில் ஐந்து படம். ஜோனதன் கிளேசர் 2000, 2004, 2013, 2023. நான்கு படம். பில் டக்ளஸ் வாழ்நாள் முழுக்கத் தன் சிறுவயது முத்தொகுப்பையும் ஒரு நீளப் படத்தையும் எடுத்துவிட்டுப் போய்ச்சேர்ந்தார். பவல் 1960இல் 'பீப்பிங் டாம்' எடுத்தார், விமர்சகர்கள் கடித்துக் குதறினார்கள், அதற்குப் பிறகு பிரிட்டனில் அவர் தொழில் ஏறக்குறைய முடிந்துபோனது. இந்த இடைவெளிகளுக்கு ஒவ்வொருவரிடமும் தனிக் காரணம் இருக்கலாம். சிலர் இயல்பிலேயே மெதுவாக வேலை செய்பவர்கள். ஆனால் இத்தனை பேருக்கும் ஒரே மாதிரி நடக்கும்போது அது தனிமனித விஷயம் இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

இதற்கு நேர் எதிராக ஸ்டுடியோக்களில் இடம் கிடைப்பதில்லை. லீவ்ஸ்டனை வார்னர் பிரதர்ஸ் வாங்கிவிட்டது, ஷெப்பர்டனில் நெட்ஃபிளிக்ஸும் அமேசானும் நீண்டகாலக் குத்தகை எடுத்திருக்கின்றன. ஈடி வரி செய்த வேலையை இப்போது வரிச்சலுகை செய்கிறது. அதற்கென்று வைத்திருக்கும் தேர்வில் 35க்கு 18 மதிப்பெண் எடுத்தால் ஒரு படம் 'பிரிட்டிஷ் படம்' ஆகிவிடும். மெக்சிகோவின் அல்ஃபோன்சோ குவாரோன் இயக்கி, அமெரிக்க விண்வெளி வீரர்களைப் பற்றி ஹாலிவுட் காசில் எடுத்த 'கிராவிட்டி' சிறந்த பிரிட்டிஷ் படத்துக்கான பாஃப்டா என்ற பிரிட்டிஷ் திரைப்பட விருதை வாங்கியது. அந்தப் படத்தின் மாயத்தை உருவாக்கியவர்கள் லண்டன் கலைஞர்கள், அவர்களுக்கு அந்தப் பெருமை உரியதுதான். ஆனால் 2024இல் பிரிட்டனில் சினிமா தயாரிப்புக்குச் செலவான சுமார் 210 கோடி பவுண்டில் உள்நாட்டுப் படங்களின் பங்கு பத்தில் ஒன்று என்ற அளவில்தான் இருந்தது. தச்சர், லைட்மேன், கிராஃபிக்ஸ் ஆட்கள் எல்லோருக்கும் வேலை இருக்கிறது, நல்ல சம்பளமும் இருக்கிறது. இரண்டாவது படம் எடுக்க அலையும் இயக்குநருக்கு அதே ஆட்களை அதே சம்பளத்துக்கு அமர்த்த முடியவில்லை. பெரிய படங்கள் வந்ததால் சின்னப் படங்களின் செலவு ஏறிவிட்டது. பார்வையாளர்களும் கொரோனாவுக்குப் பிறகு முழுதாகத் திரும்பவில்லை. 2019இல் 17 கோடியைத் தாண்டியிருந்த டிக்கெட் விற்பனை 2024இல் 12 கோடி சொச்சம்.

அரசாங்கத்துக்கும் இது தெரிந்திருக்கிறது. ஒன்றரைக் கோடி பவுண்டு வரை செலவாகும் உள்நாட்டுப் படங்களுக்குக் கூடுதல் வரிச்சலுகை 2024இல் அறிவித்தார்கள். சேனல் ஃபோரைத் தனியாருக்கு விற்கும் திட்டம் 2023 தொடக்கத்தில் கைவிடப்பட்டது, அதைக் கேட்டு நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். நெட்ஃபிளிக்ஸ் போன்ற கம்பெனிகள் தங்கள் பிரிட்டிஷ் சந்தா வருமானத்தில் ஐந்து சதவீதத்தை உள்நாட்டுத் தயாரிப்புக்குக் கொடுக்கவேண்டும் என்று 2025இல் நாடாளுமன்றக் குழு ஒன்று பரிந்துரைத்தது. இவையெல்லாம் பலன் தருமா என்பது ஊகம்தான். புதிய சலுகை உதவும் என்று நம்புகிறேன். பழைய அனுபவத்தைப் பார்த்தால், எந்தச் சலுகையையும் பெரிய கம்பெனிகள்தான் முதலில் கண்டுபிடித்துப் பயன்படுத்திக்கொள்ளும் என்ற பயமும் இருக்கிறது.

இத்தனைக்கும் நடுவில் படங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன, இதைச் சொல்லாமல் விட்டால் தப்பான சித்திரம் கிடைக்கும். இன்றைய நல்ல பிரிட்டிஷ் இயக்குநர்களில் பாதிக்கு மேல் பெண்கள் என்று என் கணக்கு. ஆண்ட்ரியா அர்னால்டு கான் விழாவின் ஜூரி பரிசை மூன்று முறை வாங்கியவர். 'ஃபிஷ் டேங்க்' படத்தின் நாயகியை, ரயில் நிலையத்தில் காதலனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஜோனா ஹாக், கிளியோ பர்னார்ட், 'ஆஃப்டர்சன்' எடுத்த சார்லட் வெல்ஸ், 'ஹவ் டு ஹாவ் செக்ஸ்' எடுத்த மோலி மானிங் வாக்கர். ஓவிய, காணொளிக் கலையிலிருந்து வந்த ஸ்டீவ் மக்வீன் முதல் படமான 'ஹங்கர்' படத்தில் ஒரு கைதியையும் ஒரு பாதிரியாரையும் மேசையில் எதிரெதிரே உட்காரவைத்து, பதினேழு நிமிடம் கேமராவை அசைக்கவே இல்லை. கார்ன்வாலில் மார்க் ஜென்கின், சாவி கொடுத்து ஓட்டும் பழைய போலெக்ஸ் கேமராவில் 'பெய்ட்' எடுத்தார். சாவி கொடுத்தால் அரை நிமிடம்கூட ஓடாது, அதற்குள் ஷாட் முடியவேண்டும். பிலிமைத் தானே கையால் கழுவினார். ஒலி முழுவதும் பிறகு சேர்த்தது. படகில்லாத மீனவன், அவன் குடும்ப வீட்டை விடுமுறை வீடாக வாங்கிய லண்டன்காரர்கள் என்று கதை. கிளேசரின் 'தி சோன் ஆஃப் இன்டரஸ்ட்' ஜெர்மன் மொழியில், போலந்தில் எடுத்த படம். ஆஷ்விட்ஸ் முகாமின் மதிலை ஒட்டிய வீட்டில் அதிகாரியின் குடும்பம் தோட்டம் போட்டு வாழ்கிறது. மதிலுக்கு அந்தப்பக்கம் நடப்பதை ஒருமுறைகூடக் காட்டுவதில்லை, காதால் மட்டும் கேட்கிறோம். சிறந்த சர்வதேசப் படத்துக்கான ஆஸ்கரைப் பிரிட்டன் முதன்முதலாக வாங்கியது அதற்குத்தான். ஆங்கிலம் பேசாத படமெடுத்துத்தான் மொழி என்ற அந்த வேலி அவர்களுக்குக் கிடைத்தது என்று எனக்குத் தோன்றியது.

எங்கிருந்து தொடங்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முதலில் 'சீக்ரெட்ஸ் அண்ட் லைஸ்'. நம் குடும்பங்களைத் தெரிந்தவர்களுக்கு அது அந்நியமாகவே இருக்காது. அடுத்து 'கெஸ்'. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தாலும் சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள், யார்க்‌ஷயர் பேச்சு லேசில் பிடிபடாது. மூன்றாவதாக டேவிஸ். அந்த மாடிப்படி ஷாட்டை இரவில், ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பாருங்கள். எந்த இடத்தில் உங்களுக்கு உங்கள் வீட்டுக் குரல் கேட்கத் தொடங்கியது என்று இங்கேயே எழுதுங்கள், அடுத்து எதைப் பார்ப்பது என்று அதை வைத்துச் சொல்கிறேன்.